இணைப்பு: செல்வராஜ் பெயரில்

2008 ஏப்ரல் 17, வியாழன்

ஆரணி வாழ் பெருமக்களுக்கும் சுற்றுவட்டாரக் கிராமத்தார்க்கும் அறிவிப்பது என்னவென்றால்: சேகராகிய என்னுடைய இடது செருப்பின் வார் இன்று காலை ஒன்பது மணி அளவில் அறுந்தது. வலது செருப்பு அதிர்ச்சியில் இருக்கிறது. ஊர்வலம் இல்லை. ஊக்கு குத்தியாகிவிட்டது.

வெயில். க.போ. 10.05. க.வ. 12.10.

(க.போ. = கரண்ட் போனது. க.வ. = கரண்ட் வந்தது. இந்த டைரிக்குள் இனி இதுதான் சட்டம்.)

பத்தாவது பரீட்சை முடிந்துவிட்டது. ரிசல்ட் வரும்வரை நான் சுதந்திர மனிதன். இன்று செய்தவை: தூக்கம், பல்லி விரட்டல், எதிர் வீட்டு அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடல். பிறகுதான் நினைவு வந்தது, கரண்ட் இல்லை, மணி அடித்திருக்காது. ஓடியது வீண்.

மீட்டர் பார்க்கிறவர் வந்தார். வெள்ளைக் கரண்ட் அட்டையை ஆணியிலிருந்து எடுத்து எழுதினார்.

‘‘அடுத்த வாட்டி நான் வரும்போது இந்த மீட்டர் இருக்காதும்மா. எலக்ட்ரானிக் மீட்டர் மாட்டிகினு வராங்க. அட்டையும் புதுசு, கம்ப்யூட்டர்ல அடிச்சு வரும். அதுக்குள்ள பேர மாத்திக்குங்க. இன்னும் செல்வராஜ்னே கீது.’’

அம்மா நூல் சுற்றும் ராட்டையை விட்டுக் கண் எடுக்கவில்லை. ‘‘மாத்திக்கலாங்க.’’

‘‘போன வாட்டியும் இதான் சொன்னீங்க.’’

‘‘வெயில் கொறையட்டுங்க.’’

போன முறை அவர் வந்தது பிப்ரவரியில். அப்போது வெயிலே இல்லை.

ரேஷன் கார்டில் அப்பா பெயர் எடுத்தாகிவிட்டது. கேஸ் புத்தகத்தில் எடுத்தாகிவிட்டது. பேங்க், வீட்டு வரி, எல்லாம். மிச்சம் இந்த அட்டை ஒன்றுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வந்து, செல்வராஜ் இத்தனை யூனிட் எரித்தார் என்று அதில் பேனாவால் எழுதிவிட்டுப் போகிறார். இறந்து இரண்டு வருடம் ஆகப்போகிற ஆளுக்கு எதற்கு இவ்வளவு கரண்ட்?

(ஜோக். சுமார்தான்.)

ஏப்ரல் 18, வெள்ளி

ஜேக்கப் வீடு. அவன் அப்பா வாத்தியார், இரண்டு பேப்பர் வாங்குகிறவர். நாங்கள் குறுக்கெழுத்துக் கட்டம் போடத்தான் எடுத்தோம். பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் அறிவிப்பு. மின்சாரத்துக்கு விலையும் விதியும் போடுகிற ஆணையம், சென்னை. காற்றாலை, சூரிய ஒளி, கரும்புச் சக்கை, இவற்றில் வரும் மின்சாரத்துக்குப் புது விதி எழுதப் போகிறார்களாம். பொதுமக்கள் கருத்து எழுதி அனுப்பலாமாம்.

பொதுமக்கள் என்றால் நானும்தானே. இதுவரை யாரும் என்னிடம் கருத்து கேட்டதில்லை. கேட்காமல் சொல்லித்தான் அடி வாங்கியிருக்கிறேன்.

ஜேக்கப் அவன் அப்பாவிடம் விளக்கம் கேட்டு வந்து எனக்குச் சொன்னது: விதி எல்லாம் நிலக்கரி காலத்தில் எழுதியது. நிலக்கரி சொன்ன நேரத்துக்கு எரியும். காற்று அப்படி இல்லை. தெற்கே காற்றாலைகள் வைகாசியில் சுற்ற ஆரம்பித்தால் புரட்டாசி வரை பேய் மாதிரி சுற்றும், பிறகு படுத்துவிடும். அதனால் காற்றாலை வைத்திருக்கிறவர்கள், காற்று வீசும்போது கரண்டை லைனில் விட்டுக் கணக்கில் வைத்துக்கொண்டு, காற்று இல்லாத மாதத்தில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். எத்தனை மாதம் வைக்கலாம், என்ன விலை, கம்பிக்கு யார் பொறுப்பு, இதற்கெல்லாம்தான் விதி.

‘‘அதாவது காத்த பேங்க்ல போட்டு வைக்கிறாங்க’’ என்றேன். ‘‘வட்டி புயலா வருமா?’’

‘‘டேய், நீ எழுதேன். உன் வாய்க்கு ஆணையமே ஆடிப்போயிடும்.’’

‘‘எழுதறேன்.’’

‘‘எழுத முடியாது மச்சான். இணைப்பு எண் போடணும்னு கீது பாரு. எண் யார் பேர்ல கீதோ அவங்கதான் எழுதணும். உங்க வீட்ல யார் பேரு?’’

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

‘‘அப்பா பேர்ல’’ என்றேன். ‘‘அதனால இன்னா? எனக்கு ஒண்ணும் பயம் இல்ல. அவர் பேர்லயே எழுதறேன்.’’

ஏப்ரல் 20, ஞாயிறு

எழுதி முடித்தாயிற்று. அம்மா தூங்கிய மதியத்தில். சரித்திரம் இந்த நாளைக் குறித்துக்கொள்ளட்டும்.

கையெழுத்து கஷ்டமே இல்லை. எட்டாவது ரேங்க் கார்டில் மூன்று கையெழுத்து அப்பாவுடையது. நாலாவது நான் போட்டது. கிளாஸ் டீச்சருக்கே வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும் பழைய நோட்டில் இரண்டு பக்கம் போட்டுப் பார்த்தேன். ‘ஜ்’ மேல் உள்ள புள்ளியை அப்பா வைக்க மாட்டார், கோடாக இழுப்பார். அது வந்துவிட்டது. வந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டேன்.

ஜேக்கப்பிடம் சொன்னது: கடிதத்தில் மூன்று ஜோக் வைத்திருக்கிறேன், ஆணையத்தில் ஃபைலைத் திறக்கிற ஆள் டீயைத் துப்பிவிடுவார்.

தபால்பெட்டியில் போடும்போது கை நடுங்கியதாக அவன் சொல்கிறான். பொய். பெட்டிதான் ஆடியது.

மே 6, செவ்வாய்

அக்னி. காக்கைகூடக் கத்தவில்லை. க.போ. 9.40. க.வ. 11.55.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன்.

அம்மா குழாயடியில். நான் முன்னறையில் படுத்திருந்தேன். திடீரென்று ராட்டை சுற்ற ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து, ‘‘வந்துட்டியாப்பா’’ என்று கேட்டுவிட்டேன். சத்தமாகவே.

விளக்கம் (பேய்க்கு அல்ல, எனக்கு): எங்கள் வீட்டுப் பிழைப்பு மோட்டார் ராட்டை. தறிக்காரர்கள் பட்டு நூல் கொடுப்பார்கள், அதைப் பாபினில் சுற்றிக் கொடுக்க வேண்டும். அப்பா செய்தார், இப்போது அம்மா. கரண்ட் போனால் அப்பா ராட்டையின் சுவிட்சை அணைக்க மாட்டார். ‘‘இருக்கட்டும், கரண்ட் வந்தா அதுவே சொல்லும்’’ என்பார். அம்மாவும் அணைப்பதில்லை. அதனால் கரண்ட் வந்தால் ராட்டை தானாகச் சுற்றும். பேய் ஒன்றும் இல்லை. பத்தாவது அறிவியல் படித்தவனுக்குத் தெரியாதா.

அப்பா போன அன்றும் இப்படித்தான். கரண்ட் இல்லை. அம்மா குழாயடியில். அப்பா சுற்றி முடித்த பாபின்களைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் முள்ளிப்பட்டுக்குக் கிளம்பியிருக்கிறார். எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. நான் விளையாடிவிட்டு வந்தேன். வாசலிலேயே ராட்டைச் சத்தம். அப்பா உள்ளே இருக்கிறார் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே பேச ஆரம்பித்தேன். கிணற்றில் விழுந்த பந்து, அவுட் இல்லை என்று சண்டை போட்ட ஜேக்கப், எல்லாம். கால் கழுவும்போது, துண்டு தேடும்போது, சொல்லிக்கொண்டே இருந்தேன். ராட்டை ஓடிக்கொண்டே இருந்தது. பதில் வராததற்குக் காரணம் அந்தச் சத்தம் என்று நினைத்தேன். அரை மணி இருக்கும்.

அந்த அரை மணியில்தான் முள்ளிப்பட்டில் ஒரு தறிக்காரர் வீட்டு வாசலில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.

நான் யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன்?

பயம் இல்லை. கேள்வி, அவ்வளவுதான்.

மாலை: நுங்கு. ஜேக்கப் தலையில் ஒரு தட்டு.

மே 26, திங்கள்

காற்று. இந்த வருடத்தின் முதல் பெருங்காற்று. கொடியிலிருந்து என் சட்டை பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில். தெற்கே இந்நேரம் பேங்கில் டெபாசிட் ஆகிக்கொண்டிருக்கும். க.போ. இதுவரை இல்லை.

பதினோரு மணி. ராட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. வாசலில் ஒரு குரல்:

‘‘செல்வராஜ்.’’

ராட்டைச் சத்தத்தை மீறிக் கேட்டது. அம்மாவின் கை நூலிலேயே நின்றுவிட்டது.

‘‘செல்வராஜ் சார். ரிஜிஸ்டர் தபால்.’’

போஸ்ட்மேன். புது ஆள். பழையவர் ரிட்டயர் ஆகி ஒரு மாதம்தான் ஆகிறது. அவராக இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார், அவருக்கு எங்கள் வீடு தெரியும்.

அம்மா எழுந்து போனாள். நான் கதவுக்குப் பின்னால்.

‘‘பி. செல்வராஜ் இந்த வூடுதானேம்மா? சென்னையிலிருந்து வந்துகீது. ஆணையம்னு போட்டுகீது.’’

இப்போது அம்மா சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

‘‘இந்த வூடுதாங்க. அவர் முள்ளிப்பட்டு வரைக்கும் போயிருக்காரு.’’

‘‘பரவால்லம்மா, வூட்ல இருக்கிறவங்க கையெழுத்து போட்டு வாங்கிக்கலாம்.’’

‘‘வேணாங்க. அவர் பேருக்கு வந்தத அவரே வாங்கிக்கட்டும். நாளைக்கு வரீங்களா?’’

அவர் சைக்கிள் பெடலை மிதித்துப் போய்விட்டார். அம்மா உள்ளே வந்து ராட்டைமுன் உட்கார்ந்தாள். ஓடுகிற ராட்டையில் நூல் அறுந்திருந்தது. ரொம்ப நேரம் முடிச்சுப் போடவே இல்லை.

கடிதம் எழுதியது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். நாளை சொல்கிறேன்.

மே 27, செவ்வாய்

அம்மா பத்தரைக்கே வேலையை நிறுத்திவிட்டாள். முகம் கழுவினாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்தாள். ரேஷன் அரிசியை இவ்வளவு பொறுமையாக அவள் பார்த்து நான் கண்டதில்லை.

‘‘செல்வராஜ் சார்.’’

உடனே எழுந்திருக்கவில்லை. அவர் இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தாள். கூப்பிட்டார். எழுந்தாள்.

‘‘தேவிகாபுரம் போயிருக்காருங்க. கோயிலுக்கு.’’

‘‘நேத்து முள்ளிப்பட்டு. இன்னிக்கு தேவிகாபுரமா?’’

‘‘ஆமாங்க. பஸ்ல போயிகீறாரு.’’

‘‘ஜல்தியா வரச் சொல்லுங்கம்மா. ஏழு நாளுக்கு மேல நாங்க வெச்சுக்க முடியாது. திருப்பி அனுப்பிடுவோம்.’’

மதியம் ஜேக்கப்பிடம் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன்.

‘‘திருப்பி அனுப்பும்போது கவர் மேல காரணம் எழுதுவாங்க தெரியுமா?’’ என்றான். ‘‘அப்ப எழுதுனது யாருன்னு கேப்பாங்க. உங்கம்மாகிட்ட சொல்லிடுடா. பேஜார் பண்ணாத.’’

‘‘எனக்கென்ன பயமா? இன்னிக்கு ராத்திரியே சொல்றேன்.’’

சொல்லவில்லை. அம்மா ரசம் வைத்திருந்தாள். அப்பாவுக்குப் பிடித்த மாதிரி, மிளகு தூக்கலாக.

மே 28, புதன்

‘‘தெள்ளார் போயிருக்காருங்க. சொந்தக்காரங்க வூட்ல விசேஷம்.’’

முள்ளிப்பட்டு, தேவிகாபுரம், தெள்ளார். தினமும் கொஞ்சம் தூரமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

போஸ்ட்மேன் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் நெற்றியைப் பார்த்தார். சட்டமிட்ட அப்பா போட்டோ முன்னறைச் சுவரில், வாசலிலிருந்து பார்த்தாலே தெரியும். அதையும் பார்த்தார் என்று நினைக்கிறேன். ‘‘சரிம்மா, நாளைக்கு வரேன்’’ என்றார்.

க.போ. 2.15. சுவிட்சை நான் போய் அணைத்தேன். திரும்பி வந்து படுத்தேன். க.வ. 4.20. ராட்டை சுற்றியது.

அம்மாவைக் கேட்டேன், நீ போட்டாயா என்று. ‘‘அணைச்சது நீயா?’’ என்று திருப்பிக் கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு.

மே 29, வியாழன்

காற்று நின்றுவிட்டது. புழுக்கம்.

தெள்ளாருக்கு மேல் அம்மாவுக்கு ஊர் தெரியாது. காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தாள் போல. பதினோரு மணிக்கு அவர் கூப்பிட்டார். அம்மா வாசலில் நின்றாள்.

‘‘இன்னிக்கு எந்த ஊரும்மா?’’ கிண்டல் இல்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

‘‘எந்த ஊரும் இல்லீங்க. செத்துட்டாரு. ரெண்டு வருஷம் ஆவப்போவுது.’’

கதவிடுக்கில் எனக்கு அம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது.

‘‘மொத நாளே சொல்லி இருக்கலாமேம்மா.’’

‘‘நீங்க பேர் சொல்லி கூப்பிட்டீங்க. வாசல்ல நின்னு அந்தப் பேர யாரும் கூப்பிடறதில்லீங்க இப்பல்லாம்.’’

அவர் பேனாவை எடுத்துக் கொடுத்தார். அம்மா கையெழுத்துப் போட்டாள். தபாலைக் கொடுக்கும் முன் அவர் விலாசத்தை ஒருமுறை முழுதாக, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பது போல, சத்தமாகப் படித்தார். பெயர், கதவு எண், தெரு, ஆரணி. அது தபால் விதியா என்று எனக்குத் தெரியாது.

அம்மா கவரை என்னிடம் நீட்டினாள். ‘‘படி.’’

படித்தேன். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது:

‘‘அன்புடையீர், காற்றாலை மற்றும் பிற புதுப்பிக்கத்தக்க மின்சாரம் குறித்த வரைவு விதிகள் மீது தாங்கள் அனுப்பிய கருத்து பெறப்பட்டு, வரிசை எண் 31 ஆகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. தங்கள் கருத்தின் சுருக்கம்: கரண்ட் போவது குற்றம் இல்லை, சொல்லாமல் போவதுதான் குற்றம். காற்று எப்போது நிற்கும் என்று காற்றுக்குத் தெரியாது. ஆனால் நிற்கப் போவது அதிகாரிகளுக்கு முந்தின நாளாவது தெரியும். காற்றாலை வைத்திருக்கிறவர் கரண்டைக் கணக்கில் வைத்து எடுக்க விதி இருப்பதுபோல, வீட்டில் ராட்டை சுற்றுகிறவருக்கு நாளை எந்த நேரம் கரண்ட் இருக்காது என்று முன்கூட்டிச் சொல்லவும் ஒரு விதி வேண்டும். இக்கருத்து இவ்வரைவின் எல்லைக்கு வெளியே உள்ளதாயினும், ஆணையத்தின் கவனத்திற்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. நேரில் கருத்துக் கூற விரும்பினால்...’’

‘‘மறுபடி படி’’ என்றாள். படித்தேன். மூன்றாம் முறை, ‘சொல்லாமல் போவதுதான்’ என்ற இடத்திலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

கரண்ட் போகும்போதெல்லாம் அப்பா சொல்வது அது. வார்த்தை மாறாமல்.

அதாவது: ஜோக் எதுவும் இல்லை. மூன்று எழுதினேன், மூன்றையும் அடித்துவிட்டேன். அவர் பெயர் போட்டு, அவர் கையெழுத்துக்கு மேலே, என் ஜோக் நிற்கவில்லை. ஜேக்கப்புக்கு இது தெரிய வேண்டாம்.

அம்மா யார் எழுதியது என்று கேட்கவே இல்லை. கவரை மடித்து அட்டைக்குப் பின்னால் அதே ஆணியில் குத்தினாள்.

‘‘திங்கக்கெழம கரண்ட் ஆபீசுக்குப் போவணும். பேர மாத்தணும். நீயும் வா. நீதான் பேசணும்.’’

‘‘நானா?’’

‘‘மெட்ராசுக்கே பேசறவன். ஆரணியில பேச மாட்டியா?’’

மே 30, வெள்ளி

தயாரிப்பு. கண்ணாடி முன் ஒத்திகை. பட்டியல்: வெள்ளை அட்டை, இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், மனு, மஞ்சள் பை.

பேச வேண்டியது: ‘‘வணக்கம் மேடம். இந்த இணைப்பு என் அப்பா பெயரில் இருக்கிறது. அவர் இறந்துவிட்டார். அம்மா பெயருக்கு மாற்ற வேண்டும்.’’ நாலு வரி. நாலாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். மேடையில் ஹெட்மாஸ்டர் மாதிரியே பேசிக் காட்டிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஆணையத்தின் வரிசை எண் 31-இன் மகன். கிளார்க் ஒரு பொருட்டா.

ஜேக்கப் கேட்டான், ‘‘நான் வேணா கூட வரட்டா?’’

‘‘எதுக்கு, கைதட்டவா?’’

அவனைக் கிளார்க்காக உட்கார வைத்து ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது வரியிலிருந்து நேராக நாலாவது வரிக்குப் போய்விட்டேன். அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்த மாதிரிக் காட்டவில்லை.

ஜூன் 2, திங்கள்

வானம் மூட்டம். க.போ. காலையிலேயே. ராட்டைச் சுவிட்ச் போட்டபடி இருக்க, பூட்டிவிட்டுக் கிளம்பினோம்.

ஆபீசில் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு மில்காரர், புது மீட்டர் வேகமாக ஓடுகிறது என்று. அதற்கு முன்னால் ஒரு பெரியவர், கூரை மேல் சூரியத் தகடு வைத்தால் மிச்சக் கரண்டை லைனில் விடலாமா என்று. ‘‘அதுக்கு இன்னும் ரூல் வரலைங்க’’ என்றார் மேடம். ‘‘வெயில் வந்துடுச்சே’’ என்றார் பெரியவர். இன்னொரு நாளாக இருந்தால் அவரோடு சேர்ந்து ஒரு கலக்குக் கலக்கியிருப்பேன்.

எங்கள் முறை. அட்டையை வைத்தேன். மேடம் கண்ணாடியை மேலே தள்ளிப் பெயரைப் படித்தார்.

‘‘பி. செல்வராஜ். யாருப்பா?’’

‘‘எங்கப்பாங்க.’’

‘‘இன்னா வேணும்?’’

‘‘பேர் மாத்தணுங்க. அம்மா பேருக்கு.’’

‘‘அவர் வரலையா? அவர் எங்க?’’

சான்றிதழ் மஞ்சள் பையில் என் கையில்தான் இருந்தது. எடுத்து நீட்டினால்கூடப் போதும், பேச வேண்டாம். அம்மா என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை. மேலே ஃபேன் நின்றிருந்தது. கரண்ட் வந்துவிட்டால் இப்போது வீட்டில் ராட்டை சுற்றும் என்ற நினைப்பு எனக்கு எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

‘‘முள்ளிப்பட்டு போயிருக்காருங்க’’ என்றேன்.

மேடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். ‘‘அப்ப வந்ததும் கூட்டினு வா. நெக்ஸ்ட்.’’

வெளியே வந்தோம். அம்மா என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். ரொம்ப தூரம் நடந்த பிறகு, ‘‘எப்ப வருவாருன்னு அந்தம்மா கேட்டிருந்தா இன்னாடா சொல்லி இருப்ப?’’ என்றாள். கேட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை.

வீட்டு வாசலிலேயே ராட்டைச் சத்தம். அட்டையை அதே ஆணியில் மாட்டினாள்.

இந்த டைரியில் பயம் இல்லை, பயம் இல்லை என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறேன் என்று இப்போது புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. நாலு நாள் கதவுக்குப் பின்னால் நின்று அம்மாவைப் பற்றி எழுதினேனே, அவளாவது நாலாம் நாள் சொல்லிவிட்டாள். நான் அதை இன்றுவரை ஒருத்தரிடமும் வாயால் சொன்னதில்லை. ஜேக்கப்பிடம்கூட. அவனுக்கு அவன் அப்பாதான் சொன்னார்.